வண்டி கவிழ்வது ஏன்?

இலண்டன் மாநகரின் சிவப்பு நிற இரட்டைமாடிப் பேருந்தை முதன்முறை காண்போர்க்கு, இவ்வளவு உயரமான வண்டி திருப்பங்களிற் கவிழாமல் எங்ஙனம் ஓடுகின்றது என்னும் ஐயம் எழும். அதனைக் கட்டும் பொறியாளர்க்கும் அவ்வையம் உண்டு. ஆதலின், தெருவில் விடுவதற்கு முன்னரே அதனை ஒரு சோதனைக்கு உட்படுத்துகின்றனர். மேல்மாடி இருக்கைகளில் ஆட்களுக்கு ஈடாக மணல்மூட்டைகளை அடுக்குவர். கீழ்த்தளத்து இருக்கைகளை வெறுமையாக விடுவர். பின்பு, பேருந்து நிற்கும் மேடையை ஒரு பக்கமாக மெல்ல உயர்த்துவர். 28 பாகை சாயும் வரையில் வண்டி கவிழாது நிற்றல் வேண்டும். ஒற்றைத்தளப் பேருந்துக்கு இவ்வளவு 35 பாகையாகும். அங்ஙனம் சாய்ந்து நிற்கும் பேருந்தைப் பார்ப்போர் நெஞ்சம் நடுங்கும். ஆயினும் அதில் மாயம் ஏதும் இல்லை. எஞ்சின், அச்சு முதலிய கனத்த உறுப்புகள் தாழ்வாக அமைந்திருக்கின்றன, மேற்பகுதியோ இலேசானது.

ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரு புள்ளியிற் குவிந்து கீழ்நோக்கிச் செயற்படுவதாகக் கொள்ளலாம். அப்புள்ளியைப் புவியீர்ப்பு மையம் என்பர். அதிலிருந்து நேர்கீழாக வரையப்படும் கோடு சக்கரங்களுக்கு இடையே வீழுமளவும் வண்டி நிற்கும். அப்பாற் சென்றால் வீழும்.

நிற்கும் வண்டிக்கு இது போதும். ஓடும் வண்டிக்கோ வளைவுகளில் மற்றொரு விசை வந்து சேர்கின்றது. வண்டியை வெளிப்புறமாகத் தள்ளுவதுபோல் தோன்றும் அதனை மையவிலக்கு விசை என்பர். வேகம் இருமடங்கானால் இவ்விசை நான்கு மடங்காகும். 50 மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவில் ஒரு லாரி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புவதாகக் கொள்க. அதனைத் தள்ளும் விசை அதன் எடையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் அதுவே ஏழில் நான்கு பங்காகிவிடும். லாரியின் இருபக்கச் சக்கரங்களுக்கும் இடையே 2 மீட்டர் அகலமும், பாரத்துடன் அதன் புவியீர்ப்பு மையத்திற்கு 2 மீட்டர் உயரமும் இருப்பின், அகலத்திற் பாதியை உயரத்தால் வகுக்க 1/2 கிடைக்கும். தள்ளும் விசை எடையிற் பாதியை எட்டியதும் உட்புறச் சக்கரங்கள் தரையை விட்டு எழும். எனவே, 30 கிலோமீட்டரில் அமைதியாகத் திரும்பிய அதே லாரி 60 கிலோமீட்டரிற் கவிழும். உண்மையில் வில்தகடுகள் அமுங்கிப் பாரமும் வெளிப்பக்கம் சாய்வதால், கணக்கு காட்டும் வேகத்திற்கு முன்னரே இடர் நேர்ந்துவிடும். பாதி நிரம்பிய எண்ணெய் லாரியில் உள்ளிருக்கும் எண்ணெயே ஒருபக்கம் ஒதுங்கி அதனைக் கவிழ்க்கத் துணைசெய்யும்.

தாழ்ந்த கார்களில் மேற்கூறிய விகிதம் 1.3 முதல் 1.5 வரை இருக்கும். அவை கவிழுமுன் டயர்கள் பிடிப்பை இழந்து வழுக்கிவிடும். உயர்ந்த கார்களுக்கு இவ்வசதி குறைவு.

சுவீடன் நாட்டுக் காட்டுச் சாலைகளில் எல்க் என்னும் பெரிய மான் திடீரெனக் குறுக்கிடுவதுண்டு. அதன்மீது மோதாதிருக்க ஓட்டுநர் ஒருபக்கம் ஒடித்து, உடனே மறுபக்கம் திருப்ப நேரும். முதல் திருப்பத்திற் சாய்ந்த வண்டி இரண்டாவதில் எதிர்ப்பக்கம் வீசப்படும். அந்நாட்டு இதழொன்று இம்முறையிற் கார்களைச் சோதிப்பது வழக்கம். 1997-ஆம் ஆண்டு அக்டோபரில் மெர்சிடிஸ் நிறுவனத்தின் ஏ-கிளாஸ் என்னும் புதிய சிறு கார், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வேகத்தில் இச்சோதனையிற் கவிழ்ந்தது. வியப்பு யாதெனின், அக்கார் உயரமாக அமைந்ததே பாதுகாப்பின் பொருட்டாகும். நேர்மோதலில் எஞ்சின் பயணிகள்மேற் பாயாமல் அடியிற் புகுமாறு தளத்தை ஈரடுக்காக உயர்த்தியிருந்தனர். நிறுவனத்தார் விற்பனையைச் சில மாதங்கள் நிறுத்தினர், காரின் உடலைச் சற்றே தாழ்த்தினர், டயர்களை மாற்றினர், மின்னணு நிலைகாப்புக் கருவியை எல்லா ஏ-கிளாஸ் கார்களிலும் பொருத்தினர்.

1995-இல் விலையுயர்ந்த காரொன்றில் முதலிற் புகுந்தது இக்கருவி. ஓட்டுநர் திருப்பிய வழியிற் செல்லாது வண்டி வழுக்கத் தொடங்கின், அதனை உணர்ந்து, வேண்டிய சக்கரத்திற்கு மட்டும் தானே பிரேக்கிட்டு வண்டியை வழிப்படுத்தும். இதன் பயன் பெரிது. பெரும்பாலான கார்கள் சாலை நடுவே கவிழ்வதில்லை; பக்கவாட்டில் வழுக்கிச் சென்று, ஓரக்கல்லிலோ இளகிய மண்ணிலோ சக்கரம் தடுக்கியே உருள்கின்றன. அங்ஙனம் தடுக்கினால் தாழ்ந்த காரும் தப்பாது. வழுக்கலைத் தொடக்கத்திலேயே தடுப்பதால், 2014 நவம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் புதிய கார் ஒவ்வொன்றிலும் இக்கருவி கட்டாயமாக்கப்பட்டுள்ளது.