மீன்பிடிப்பில் பங்கு ஒதுக்கீடு: நியூசிலாந்து காட்டும் பாடம்

கடலில் வாழும் மீன் வலையில் சிக்கும் வரை எவருக்கும் உரியதன்று. இன்று ஒருவர் விட்டுவைத்ததை நாளை மற்றொருவர் பிடித்துக்கொள்வார். படகின் நீளத்தை அரசு வரையறுத்தால் எஞ்சினின் குதிரைத்திறன் கூடுகிறது, போட்டி தணிவதில்லை. இதற்கு மாற்றாக வகுக்கப்பட்டதே தனிநபர் ஒதுக்கீட்டு முறை. ஓராண்டில் ஒரு மீனினத்தை மொத்தம் எவ்வளவு பிடிக்கலாம் என அரசு முதலில் நிர்ணயிக்கும். அம்மொத்தத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி உரிமையாகும். அதனை விற்கவும் செய்யலாம்.

நியூசிலாந்து 1986 அக்டோபரில் 26 மீனினங்களுக்கு இம்முறையைக் கொணர்ந்தது. தொடக்கத்தில் ஒதுக்கீடு நிலையான டன் கணக்கில் அமைந்தது. மீன்வளம் குன்றினால் அரசே ஒதுக்கீட்டை விலைகொடுத்து வாங்கிக் குறைக்க வேண்டும். ஆரஞ்சு ரஃபி என்னும் ஆழ்கடல் மீன் மிக மெதுவாக வளர்வது. அதன் இருப்பு எண்ணியதைவிடக் குறைவு எனத் தெரிந்தபோது, இந்த ஏற்பாடு கருவூலத்தால் தாங்க இயலாததாயிற்று. எனவே 1990-இல் டன் கணக்கு கைவிடப்பட்டு விழுக்காட்டுப் பங்கு வந்தது. மொத்த அளவு 1,000 டன் எனில் 5 விழுக்காட்டுப் பங்குடையவருக்கு 50 டன். அது 800 டன்னாகக் குறைந்தால் 40 டன். இழப்பு அரசிடமிருந்து உரிமையாளருக்கு மாறியது.

இதனினும் கடினமானது, முதற்பங்கு யாருக்கு என்னும் வினா. முந்தைய ஆண்டுகளில் பிடித்த அளவே அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. ஆனால் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டிப் பகுதிநேர மீனவர் பலர் ஏற்கெனவே நீக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் மாவோரிகள் மிகுதி. 1840-ஆம் ஆண்டு வைத்தாங்கி உடன்படிக்கை தங்கள் மீன்பிடி உரிமைக்கு உறுதியளித்ததைச் சுட்டி அவர்கள் வழக்காடினர். 1987-இல் உயர்நீதிமன்றம் இம்முறையை மேலும் விரிவாக்க இடைக்காலத் தடை விதித்தது. 1989-இல் மாவோரிகளுக்கு 10 விழுக்காடு ஒதுக்கீடு வழங்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1992-ஆம் ஆண்டு உடன்பாடு, சீலார்டு நிறுவனத்தில் பாதியை வாங்க நிதியும், புதிதாகச் சேர்க்கப்படும் இனங்களில் 20 விழுக்காடும் அளித்தது. குலங்களிடையே அவற்றைப் பகிர்வதற்கான சட்டம் 2004-இல்தான் வந்தது. முன்கூட்டியே கலந்து பேசியிருப்பின் இத்தனை ஆண்டுகள் கழிந்திரா.

இந்தியாவில் இழுவலையின் ஓர் இழுப்பில் பல இனங்கள் கலந்து வருகின்றன, இறங்குதுறைகளோ ஏராளம். ஆகவே இங்கு 61 நாள் தடைக்காலமே முதன்மைக் கட்டுப்பாடுகளுள் ஒன்றாக உள்ளது. நாளை ஒதுக்கீடு பற்றி நாம் ஆராய நேர்ந்தால், முந்தைய பிடிப்பை மட்டும் அளவுகோலாகக் கொள்வது பெரிய விசைப்படகுகளுக்கே சாதகமாகும். கட்டுமரத்தில் செல்பவர் தம் பிடிப்பை எந்த ஏட்டில் எழுதிவைத்திருக்கிறார்?