மறுக்கப்பட்ட மனுவும் மேல்முறையீடும்

(வட்டார வளர்ச்சி அலுவலர், ஈரோடு மாவட்டம்)

கை கால் நலிந்தவர்க்கும், கண்ணொளி இழந்தவர்க்கும், செவிப்புலன் குன்றியவர்க்கும் சமுதாயம் துணை நிற்றல் முன்னாளில் தருமம் எனக் கருதப்பட்டது. இந்நாளில் அது சட்டம் ஆகியுள்ளது. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962 ஆம் ஆண்டிலும், ஆதரவற்ற உடல் ஊனமுற்றோர் ஓய்வூதியம் 1974 ஆம் ஆண்டிலும் தொடங்கின. நடுவண் அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டம் 2009 இல் வந்தது. வருவாய்த் துறை வழியாக மாற்றுத்திறனாளிகள் பெறும் மாத ஓய்வூதியம் 2023 சனவரி முதல் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

திட்டங்கள் பல இருந்தும், மனு ஒருமுறை மறுக்கப்பட்டால் நம் கிராமத்து மக்களிற் பலர், "நம் தலையெழுத்து இவ்வளவுதான்" என்று அத்தாளை மடித்துக் கூரை இடுக்கிற் செருகிவிடுகின்றனர். உரியவர்க்கு உரிய பணம் வாராமற் போவது பெரும்பாலும் இவ்விடத்திலேதான். மறுப்பு என்பது முடிவு அன்று. அதனை மறுமுறை ஆராயச் செய்யும் உரிமை மனுதாரருக்கு உண்டு. அவ்வுரிமையைப் பயன்படுத்தும் முறையை ஈண்டுக் காண்போம்.

மறுப்பு எங்கிருந்து வந்தது?

உதவி பெறுவதற்கு வாயில்கள் இரண்டு. முதலாவது, மருத்துவர் தரும் ஊனச் சான்று. இரண்டாவது, அச்சான்றைக் கொண்டு வருவாய்த் துறை வழங்கும் ஓய்வூதிய ஆணை. எந்த வாயில் அடைபட்டது என்பதை முதலில் அறிதல் வேண்டும். மருத்துவர் குறைத்து அளந்ததற்கு வட்டாட்சியரிடம் முறையிடுவதும், வட்டாட்சியர் மறுத்ததற்கு மருத்துவமனையில் காத்துக் கிடப்பதும் வீண் அலைச்சலே.

சான்று மறுக்கப்பட்டால்

1995 ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகை ஊனங்களையே ஏற்றது. அதற்குப் பதிலாக வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, 21 வகைகளை ஏற்றுள்ளது. மாநில ஓய்வூதியத்துக்கு 40 விழுக்காடு ஊனமும், மேற்கூறிய நடுவண் திட்டத்துக்கு 80 விழுக்காடும் வேண்டும். ஆதலின் விழுக்காடு ஒன்றிரண்டு குறைந்தாலும் உதவி நின்றுவிடும்.

சான்று தர மறுத்தால் அதற்குரிய காரணத்தை எழுத்தில் தருதல் வேண்டும் என்பது 2017 ஆம் ஆண்டு விதி. வாய்மொழியாகச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு திரும்பலாகாது. சான்றளிக்கும் அதிகாரியின் முடிவை எதிர்த்து, மாநில அரசு குறித்த மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம் எனச் சட்டத்தின் 59 ஆம் பிரிவு கூறுகின்றது. அவர் யார், கால வரம்பு எவ்வளவு என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அன்றே கேட்டறிதல் நன்று.

ஓர் உதாரணம் கொள்வோம். கரும்பாலையிற் சிக்கிக் கை நலிந்த உழவர் ஒருவருக்கு 35 விழுக்காடு எனச் சான்று கிடைத்தது. அவர் முன்னர் விசைத்தறிக் கூடத்தில் நெடுங்காலம் உழைத்ததால் செவிப்புலனும் குன்றியிருந்தது. ஆனால் செவி சோதிக்கப்படவேயில்லை. செவிக்கு 15 விழுக்காடு எனக் கொண்டால் இரண்டையும் வெறுமனே கூட்டி 50 என்றல் ஆகாது. நடுவண் அரசு வெளியிட்ட நெறிமுறைப்படி, 90 இலிருந்து பெரிய எண்ணைக் கழித்து, வந்த மீதியைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90 ஆல் வகுத்து, கிடைத்ததைப் பெரிய எண்ணோடு கூட்ட வேண்டும். 55 ஐ 15 ஆல் பெருக்கி 90 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 9. 35 உடன் கூட்டினால் 44. வரம்பு கடந்துவிட்டது! விடுபட்ட ஊனத்தைச் சுட்டிக் காட்டுவதே இவருடைய மேல்முறையீட்டுக்கு உயிர்.

ஓய்வூதியம் மறுக்கப்பட்டால்

மனுவைக் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரிப்பர். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் ஆணையிடுவார். வருவாய் மிகுதி, நிலம் உண்டு, ஆதரிக்க மக்கள் உளர், சான்றின் காலம் முடிந்தது, அட்டைகளில் பெயர் வேறுபட்டுள்ளது என்பன போன்ற காரணங்கள் கூறப்படலாம். காரணம் விளங்காவிடில் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இன்படி 10 ரூபாய் கட்டணத்துடன் ஆணையின் நகலையும் விசாரணை அறிக்கையையும் கேட்கலாம். 30 நாட்களுக்குள் விடை தருதல் வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர்க்குக் கட்டணமும் இல்லை.

பின்னர் வருவாய்க் கோட்டாட்சியரிடம் முறையிடலாம். நம் மாவட்டத்தில் ஈரோடு, கோபிசெட்டிபாளையம் என இரு கோட்டங்கள் உள்ளன. அங்கும் குறை தீராவிடில் மாவட்ட ஆட்சியர் திங்கட்கிழமைகளில் நடத்தும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு அளிக்கலாம்.

மனு எழுதும் முறை

1. மறுப்பாணையின் எண்ணையும் நாளையும் முதல் வரியிலேயே குறிக்க.

2. கூறப்பட்ட காரணம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விடை எழுதுக. வறுமையை விரித்து எழுதுவதால் மட்டும் பயனில்லை. "நிலம் உண்டு" என்பது காரணமாயின், அந்நிலம் யார் பெயரில் உள்ளது எனச் சிட்டா நகலால் காட்டுக.

3. மருத்துவ ஏடுகள், ஒளிப்படம், குடும்ப அட்டை ஆகியவற்றின் நகல்களை இணைக்க. மூலத்தை ஒருபோதும் கொடுத்துவிடலாகாது.

4. நேரில் கொடுத்தால் ஒப்புகை பெறுக. அஞ்சலிலாயின் விரைவுத் தபாலில் விடுக்க.

வழக்கறிஞர் துணை வேண்டுமாயின், சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987 இன்படி மாற்றுத்திறனாளிகளுக்கு அது இலவசம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

ஊராட்சியின் கடமை

தாளவாடி மலையிலிருந்து திம்பம் பாதை வழியே, நடக்க இயலாத ஒருவர் ஈரோட்டுக்கு மும்முறை வந்து திரும்புவதாயின், ஓய்வூதியம் வருமுன்னரே கடன் வந்துவிடும். ஆதலின் ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் வார்டில் மறுக்கப்பட்ட மனுக்களைப் பட்டியலிட்டு, ஒரே நாளில் சேர்ந்து செல்ல ஒரு வண்டி ஏற்பாடு செய்தல் நலம். எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவரை மனு எழுதத் துணைக்கு வைக்கலாம். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினராய் அமரத் தமிழ்நாடு 2025 இல் சட்டம் இயற்றியுள்ளது. இப்பணிக்கு அவர்களே சிறந்த வழிகாட்டிகள் ஆவர்.

மேல்முறையீடு செய்வது அதிகாரிகளைப் பகைப்பதாகும் என்ற அச்சம் சிலருக்கு உண்டு. அது வீண் அச்சம். அமெரிக்க நாட்டிலும் ஊன உதவி மறுக்கப்பட்டவர் 60 நாட்களுக்குள் மறு ஆய்வு கோரலாம். அதன் பின்னும் மறுக்கப்பட்டால் நடுவர் முன் நின்று பேசலாம். அளந்தவர் கை தவறுவது எங்கும் உள்ளதே. அதனைத் திருத்தவே சட்டம் இரண்டாம் முறை அளக்கும் வழியையும் வைத்துள்ளது. கூரை இடுக்கிற் செருகிய தாள்களை வெளியே எடுங்கள். அவற்றின் நாளைப் பாருங்கள். காலம் கடக்குமுன் மனு எழுதுங்கள்.