வாடாவா, வாங்க சாரா?

கேள்வி: அருப்புக்கோட்டைக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள் 25 ஆண்டு கழித்துக் கூடுகிறோம். ஒருவன் இப்போது பெரிய அதிகாரி. 'வாடா' என்பதா, 'வாங்க சார்' என்பதா?
– வாசகர், திருச்சுழி

பதில்: உங்கள் ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது. திருச்சுழியில் 1879-ல் பிறந்த வேங்கடராமன், 1896-ல் வீட்டைவிட்டுத் திருவண்ணாமலை போய் ரமண மகரிஷி ஆனார். பள்ளித் தோழர் விளாச்சேரி ரங்கய்யர் பின்னாளில் அங்கே தேடிப் போனார். ஊரே விழுந்து கும்பிடும் மகானிடம் தன் கடன் கவலையைக்கூட அவரால் சொல்ல முடிந்தது. அதிகாரி எந்த மூலைக்கு? தாராளமாக 'வாடா' என்றே கூப்பிடுங்கள். மனைவி மக்களோடு வந்தால் மட்டும் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள். மேடை, மாலை, பொன்னாடை வேண்டாம். கறிச்சோறும் வேப்பமர நிழலும் போதும். வந்ததும் வராததுமாக மகனுக்கு வேலை கேட்டுவிடாதீர்கள்!