ரிபன் கேக்குக்கு முதலில் தராசு, பிறகுதான் கலர்

நத்தார் கேக் என்றால் பெரியவர்களுக்கு ரிச் கேக்தான். ரவை, கஜு, பிளம்ஸ், சீனிப்பாகில் ஊறின பூசணி எல்லாம் சேர்த்து, பழங்களை நறுக்கிப் பிராந்தியில் ஊறப்போட்டு, ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்குகிற வேலை அது. வீட்டில் இருக்கிற சின்னன்களைக் கேட்டுப் பாருங்கோ. அவர்களுக்கு அந்தக் கறுத்தக் கேக்கில் ஒரு பிரியமும் இல்லை. றோஸ், மஞ்சள், பச்சை என்று மூன்று நிறத்தில் அடுக்கி, சுற்றிவரப் பட்டர் ஐசிங் பூசின ரிபன் கேக்தான் வேணும். இலங்கையில் பிறந்தநாள் கொண்டாடி வளர்ந்த ஆருக்கும் இதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தங்கச்சிமார் பலர் இதைக் கடையில் சொல்லிச் செய்விப்பது, வீட்டில் செய்தால் அந்த ஒழுங்கு வராது என்ற பயத்தில்தான். ஒழுங்கு கைராசியால் வருவதில்லை. தராசால் வருகிறது.

ஆகவே முதலில் ஒரு சின்ன இலெக்ட்ரோனிக் தராசு வாங்குங்கோ. ரிபன் கேக்கை வெட்டினவுடன் ஆட்களின் கண் போவது மூன்று அடுக்கும் ஒரே தடிப்பா என்பதில்தான். றோஸ் தடித்து, பச்சை மெலிந்து போயிருந்தால், மேலே எவ்வளவு பூப் போட்டாலும் அந்தக் குறை தெரியும். கப்பிலும் கரண்டியிலும் அளந்து இந்த ஒழுங்கைக் கொண்டுவர ஏலாது.

அளவு சுலபம். பட்டர் 250 கிராம், சீனி 250 கிராம், கோதுமை மா 250 கிராம், முட்டை 5, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, பால் 3 மேசைக்கரண்டி, வனிலா 2 தேக்கரண்டி. ஓட்டை நீக்கின முட்டை ஒன்று ஏறக்குறைய 50 கிராம் வரும் என்பதால், பட்டர், சீனி, முட்டை, மா நாலும் ஒரே நிறை. 7 அங்குலச் சதுரத் தட்டு மூன்றுக்கு இது அளவாக இருக்கும். 8 அங்குல வட்டத் தட்டுக்கும் காணும். 9 அங்குலத் தட்டு மட்டும்தான் இருக்கிறது என்றால் எல்லாவற்றையும் ஒன்றரை மடங்காக்குங்கோ. முட்டை 7 போட்டால் காணும். இல்லாவிட்டால் அடுக்கு அப்பளமாகிவிடும்.

எங்கள் கடைகளில் உப்புப் போட்ட பட்டரும் உப்பில்லாததும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கேக்குக்கு எது என்றாலும் பிரச்சினை இல்லை. ஐசிங்குக்கு உப்பில்லாததுதான். பட்டரையும் முட்டையையும் இரண்டு மணித்தியாலத்துக்கு முன்பே குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வையுங்கோ. விரலால் அமத்தினால் பள்ளம் விழ வேணும், ஆனால் மினுங்கிக்கொண்டு எண்ணெயாகி நிற்கக்கூடாது. கொழும்பில் ஒரு மணித்தியாலமே கூடிப்போகலாம்.

பட்டரையும் சீனியையும் அடிக்கிற வேலைக்குப் பஞ்சிப்படாதேங்கோ. இந்தக் கேக்கில் அதற்கு இரட்டை வேலை இருக்கிறது. காற்று ஏறினால் கேக் எழும்பும், அது எல்லோருக்கும் தெரியும். அடிக்க அடிக்கப் பட்டரின் மஞ்சளும் வெளுத்துக்கொண்டு வரும். அடிக்கலவை வெளுப்பாக இருந்தால்தான் பிறகு போடுகிற கலர் சுத்தமாகத் தெரியும். பீட்டரில் ஏழெட்டு நிமிடம் அடியுங்கோ. முட்டையை ஒவ்வொன்றாகச் சேருங்கோ. நாலாவது, ஐந்தாவது முட்டையில் கலவை திரிந்த மாதிரித் தெரிந்தால் பயப்பட வேண்டாம். எடுத்து வைத்த மாவில் ஒரு மேசைக்கரண்டியைப் போட்டு அடித்தால் சேர்ந்துவிடும். முட்டை குளிராக இருந்தால்தான் பெரும்பாலும் இப்படி வரும்.

இனிச் சொல்லப்போவதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பெரும்பாலான செய்முறைகளில் மாவையும் சேர்த்து முழுக் கலவையையும் முடித்துவிட்டு, அதை மூன்றாகப் பிரித்துக் கலர் கலக்கச் சொல்வார்கள். அப்படிச் செய்யாதேங்கோ. மா ஈரம் பட்ட பிறகு கிண்டக் கிண்டக் கேக் இறுகும். றோஸ் திட்டுத் திட்டாக நிற்கிறதே என்று நாங்கள் கிண்டிக்கொண்டே இருப்போம். கடைசியில் கலர் போடாத மஞ்சள் அடுக்கு மெத்தென்றும், மற்ற இரண்டும் ரப்பர் போலவும் வரும். ஒரே கேக்கில் இரண்டு பதம்.

அதற்குப் பதிலாக, மா சேர்க்க முதலே பிரியுங்கோ. பட்டர், சீனி, முட்டை, வனிலா சேர்ந்த கலவை 750 கிராம் அளவில் நிற்கும். தராசில் வைத்து மூன்று பாத்திரத்தில் ஏறக்குறைய 250 கிராம் வீதம் போடுங்கோ. மாவையும் பேக்கிங் பவுடரையும் சேர்த்து மூன்று தரம் அரித்து, அதையும் மூன்றாக நிறுத்து வையுங்கோ. ஒரு பங்கு 85 கிராம் கிட்ட வரும். பாலை ஒவ்வொரு மேசைக்கரண்டியாக மூன்று சின்னக் கோப்பையில் ஊற்றி, ஒன்றில் றோஸ், ஒன்றில் பச்சை கரையுங்கோ. மூன்றாவது வெறும் பால். கலரைக் கலவையில் நன்றாக அடித்துச் சேருங்கோ. இன்னும் மா இல்லை என்பதால் எவ்வளவு அடித்தாலும் பாதகம் இல்லை. தட்டு ஓவனுக்குள் போகிற நேரம் மட்டும் அந்தப் பங்கு மாவைப் போட்டு, அகப்பையால் மடித்து மடித்துச் சேருங்கோ. வெள்ளை மாத் தெரியாமல் போனதும் நிற்பாட்ட வேணும்.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. எங்கள் வீடுகளில் இருக்கிற மேசை ஓவனில் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு தட்டுத்தான் வைக்கலாம். மாவும் பேக்கிங் பவுடரும் சேர்ந்த கலவை மேசையில் காத்துக்கொண்டு நின்றால் மூன்றாவது தட்டு எழும்பாது. மாவைக் கடைசியில் சேர்த்தால் அந்தக் கவலை இல்லை.

கலர் விசயத்துக்கு வருவம். பட்டரும் மஞ்சள், முட்டைக் கருவும் மஞ்சள். அதற்குள் போடுகிற எந்தக் கலரும் அந்த மஞ்சளோடு சேர்ந்துதான் தெரியும். பச்சைக்கு அது உதவி. றோஸுக்கு உபத்திரவம், பீச் பழ நிறத்துக்குத் திரும்பிவிடும். ஆகவே கடையில் றோஸ் எடுக்கும்போது செம்மஞ்சள் சாயல் உள்ளதை விட்டுவிட்டு, கொஞ்சம் நீலம் கலந்தது போலத் தெரிகிற றோஸை எடுங்கோ. ஜெல் கலர் என்றால் ஈர்க்கு நுனியில் தொட்டு எடுக்கிற அளவு காணும். தண்ணிக் கலர் என்றால் கனக்க ஊற்ற வேண்டி வரும், அந்தத் தண்ணி கேக்கின் பதத்தைக் கெடுக்கும். மாச் சேர்ந்தால் நிறம் கொஞ்சம் வெளுக்கும். ஆனபடியால் உங்களுக்கு வேண்டிய நிறத்தைவிட ஒரு படி கூடுதலாக இருக்கிற இடத்தில் நிறுத்துங்கோ.

மூன்றாவது அடுக்கை வெள்ளை என்று சொல்வதும் உண்டு. முழு முட்டையும் பட்டரும் போட்டால் வெள்ளை வராது. அதை அப்படியே இளமஞ்சளாக விடுங்கோ, அதுதான் வடிவு.

நத்தாருக்கு என்றபடியால் றோஸை விட்டுச் சிவப்புப் போடலாமே என்று சிலர் கேட்பார்கள். எனக்கு விருப்பமில்லை. நல்ல சிவப்பு வர வேணும் என்றால் கலர் அவ்வளவு கொட்ட வேணும், நாக்கில் ஒரு கசப்பு நிற்கும், பிள்ளைகளின் வாயும் சட்டையும் சிவக்கும். ரிபன் கேக்கின் அழகே அதன் இளம் நிறத்தில்தான் இருக்கிறது.

கடைக் கலர் வேண்டாம் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பீற்றூட் சாறு சூடு பட முதல் ஆளை மயக்கும். ஓவன் சூட்டிலும் பேக்கிங் பவுடரோடும் சேர்ந்து பழுப்பேறிவிடும். அதைக் கேக்கில் போடாமல் ஐசிங்கில் சில துளி சேருங்கோ, நல்ல றோஸ் வரும். பச்சைக்கு ரம்பை இருக்கிறது. கறிக்குப் போடுகிற அதே ரம்பைதான். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் அதைப் பாண்டான் என்று சொல்லி, கேக்கே அதில் செய்கிறார்கள். பத்து இலையை நறுக்கி, கொஞ்சப் பால் விட்டு அடித்துப் பிழிந்து, அந்தப் பாலையே பச்சைப் பங்குக்குப் பாவியுங்கோ. நிறம் மங்கலாகத்தான் வரும், வாசம் திறம். ரம்பை மணத்தால் கோழிக்கறி நினைவு வருகிறவர்கள் கடைக் கலரோடு நில்லுங்கோ. எதை வாங்கினாலும் உணவுக்கு என்று பெயர்ச்சீட்டில் அச்சிட்ட போத்தலாகப் பார்த்து வாங்குங்கோ. பேப்பரில் சுருட்டி விற்கிற கலர்ப் பொடியைத் தொடவே வேண்டாம்.

தட்டில் ஒயில் பேப்பரை அடியில் இரட்டையாக விரியுங்கோ. அடிப்பக்கம் சிவந்தால் வெட்டும்போது நிறங்களுக்கு நடுவில் ஒரு பழுப்புக் கோடு ஓடும். கலவையைப் போட்டு ஓரங்களைக் கொஞ்சம் உயர்த்தி, நடுவைக் கொஞ்சம் பதித்துத் தடவினால் நடு வீங்காது. ஓவனைப் பதினைந்து நிமிடம் முன்பே சூடாக்கி, 170 பாகையில் நடுத் தட்டில் வைத்து 20 முதல் 25 நிமிடம். சின்ன ஓவன்களில் மேல் கம்பி கிட்ட இருக்கும். பதினைந்தாவது நிமிடத்தில் எட்டிப் பார்த்து, மேல் சிவக்கத் தொடங்கினால் அலுமினியத் தாளால் மூடிவிடுங்கோ. நடுவில் ஈர்க்கைக் குத்தி எடுத்தால் ஈரமில்லாமல் வர வேணும். ஒரே தட்டைத்தான் மூன்று முறையும் பாவிக்கிறீர்கள் என்றால், ஒவ்வொரு முறையும் தண்ணியில் ஆறவிட்டுத் துடைத்துப் புதுப் பேப்பர் போடுங்கோ. சூடான தட்டில் ஊற்றினால் ஓரத்தில் பட்டர் உருகி ஒழுகும்.

சுட்ட கேக்கை அன்றைக்கே அடுக்காதேங்கோ. 23ஆம் திகதி சுடுங்கோ, 24ஆம் திகதி பகல் ஐசிங் பூசுங்கோ, பூசைக்குப் போய்வந்து 25ஆம் திகதி வெட்டுங்கோ. நன்றாக ஆறின பிறகு பிளாஸ்டிக் தாளில் சுற்றி இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், மறுநாள் கத்தி போகிற இடமெல்லாம் துகள் கொட்டாமல் நேராகப் போகும். அந்த நேரம் பாண் வெட்டுகிற பல்லுக் கத்தியால் மேல் தோலைச் சீவி எடுங்கோ. நாலு ஓரத்தையும் மெல்லியதாக வெட்டுங்கோ. மனம் வராது, தெரியும். ஆனால் தோலை விட்டு ஐசிங் பூசினால் அந்தப் பழுப்புக் கோடு வந்தே தீரும். வெட்டின துண்டுகளைக் கோப்பையில் போட்டு மேலே கஸ்டர்ட் ஊற்றினால் 24ஆம் திகதி சின்னன்களின் கரைச்சல் இல்லாமல் வேலை செய்யலாம்.

ஐசிங்குக்குப் பட்டர் 250 கிராம், ஐசிங் சீனி 500 கிராம், பால் ஒன்றிரண்டு மேசைக்கரண்டி. மார்கழி மழைக்கு ஐசிங் சீனி கட்டிபடும், அரிக்காமல் போடாதேங்கோ. பட்டரைத் தனியாக ஐந்து நிமிடம் வெளுக்கும்வரை அடித்த பிறகுதான் சீனி. இன்னும் மஞ்சளாகத் தெரிந்தால் குண்டூசித் தலையளவு ஊதா ஜெல் சேர்த்தால் மஞ்சள் அடங்கி வெள்ளையாகத் தெரியும். குசினிச் சூட்டில் தொளதொளத்தால் மேலும் சீனி கொட்ட வேண்டாம், பத்து நிமிடம் குளிரில் வைத்துத் திரும்ப அடியுங்கோ.

அடுக்கும்போதும் தராசுதான். ஒவ்வொரு இடைவெளிக்கும் 120 கிராம் ஐசிங். கீழே பச்சை, நடுவில் மஞ்சள், மேலே றோஸ். மேல் அடுக்கைக் கவிழ்த்து வைத்தால் அதன் தட்டையான அடிப்பக்கம் மேலே வந்து முகம் சமனாக இருக்கும். முதலில் மெல்லியதாக ஒரு பூச்சுப் பூசி, அரை மணித்தியாலம் குளிரில் வைத்து, துகள் ஒட்டிக்கொண்ட பிறகு மிச்சத்தைப் பூசுங்கோ. அலங்காரத்துக்கு முள்ளுக்கரண்டியால் மேலே கோடு இழுத்தாலே காணும்.

வெட்டும்போது குளிராக இருக்க வேணும், சாப்பிடும்போது குளிராக இருக்கக்கூடாது. கத்தியைச் சுடுதண்ணியில் தோய்த்து, துடைத்து, ஒரு வெட்டு. திரும்பத் தோய்த்து, துடைத்து, அடுத்த வெட்டு. துடைக்காமல் வெட்டினால் பச்சைத் துகள் மஞ்சளில் ஏறிவிடும். வெட்டின துண்டுகளை அரை மணித்தியாலம் வெளியே வைத்துவிட்டுப் பரிமாறுங்கோ, பட்டர் இளகித்தான் ருசி வரும்.

அயலுக்குப் பலகாரத் தட்டு அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கோ. சைவ வீடுகளில் திருவெம்பாவைக் காலம் நத்தாரை ஒட்டி வருவதுண்டு, விரதம் இருக்கிறவர்கள் முட்டை தொடமாட்டார்கள். தட்டைக் கொடுக்கும்போதே முட்டை போட்டது என்று சொல்லிவிடுங்கோ. காற்றுப் புகாத பெட்டியில் மூடிக் குளிரில் வைத்தால் நாலு நாள் கெடாது. விரதம் அதற்குள் முடியாது என்றால் அவர்களின் பங்கை ஐஸ் பெட்டியில் வைத்து, பிறகு அனுப்புங்கோ.