அழுகை நான்கு

நம் ஊர்களில் இழவு என்னுஞ் சொல் சாவினையே குறிக்கும். இழவு வீடு, இழவோலை என்பன யாவரும் அறிந்தவை. ஆயின் இழவு என்பதன் நேர்ப்பொருள் இழத்தல் என்பதே. மாந்தர் இழப்பது உயிர் ஒன்றனைத்தானோ? மெய்ப்பாட்டியலைப் பாடங்கேட்ட நாள்தொட்டு இவ்வினா என்னை விட்டு நீங்கிற்றில்லை.

எண்வகை மெய்ப்பாட்டினுள் அழுகையை இரண்டாவதாக வைத்த தொல்காப்பியனார், அது பிறக்கும் நிலைக்களன் நான்கு என்றார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பேராசிரியர் உரையைத் தழுவிக் கூறின், பிறரால் இகழப்பட்டு எளியனாதல் இளிவு. சுற்றத்தாரையும் இன்பம் தருவனவற்றையும் இழத்தல் இழவு. முன்னிருந்த நிலை கெட்டு வேறாகி வருந்துதல் அசைவு. துய்த்தற்கு இன்மை வறுமை. இவற்றுள் சாவுக்கு உரிய இடம் நான்கில் ஒன்றே என்பது நோக்கத்தக்கது.

இளிவிற்குச் சேரமான் கணைக்காலிரும்பொறை சான்றாவான். சிறையில் தண்ணீர் கேட்டுக் காலந்தாழ்த்துப் பெற்ற அவன், அதனை உண்ணாது துஞ்சினான் (புறம். 74). அவனைக் கொன்றது விடாய் அன்று. வறுமைக்குப் பெருந்தலைச் சாத்தனார் இல்லம் போதும்: பாலற்ற மார்பைச் சுவைத்து அழும் குழவியின் முகத்தைத் தாய் நீர்நிறைந்த கண்ணோடு நோக்க, புலவர் அவள் துயரை நோக்குகின்றார் (புறம். 164).

இழவோ ஒருதன்மைத்தன்று. மனைவியை இழந்தான் நிலையைத் தபுதார நிலை என்றும், கணவனை இழந்தாள் நிலையைத் தாபத நிலை என்றும் புறத்திணையியல் வேறுவேறு பெயரிட்டுக் கூறுதல் காண்க. சேரமான் மாக்கோதை, தன் தேவி ஈமத்தில் கிடப்பவும் தான் உயிரோடிருத்தலை எண்ணி நாணுகின்றான், உயிரைப் போக்க மாட்டாத துன்பத்தை எங்ஙனம் பெரிதென்பது என்பதே அவன் கலக்கம் (புறம். 245). சுரத்திடைத் தனித்த பெண்ணுக்கு அவ்வாறு எண்ணவும் ஓய்வில்லை. வாய்விட்டு அழின் புலி வருமென அஞ்சுகின்றாள், கணவன் உடலைத் தூக்கவும் வலியிலள், என் கையைப் பற்றிச் சிறிது நடவாய், மலைநிழலை அடைவோம் எனப் பிணத்தோடு பேசுகின்றாள் (புறம். 255). பாரி மகளிர் பாட்டிலோ இழவும் அசைவும் பிரிக்கவொண்ணாதபடி கலந்துள்ளன. அற்றைத் திங்களில் தந்தையும் குன்றும் இருந்தன, இற்றைத் திங்களில் இரண்டும் இல்லை (புறம். 112). தந்தையை இழந்தோர் பலர். அதனோடு தம் குன்றினின்றும் பெயர்ந்தோர் சிலர்.

அசைவைப்பற்றி யான் சற்று விரித்துக் கூறுதற்கு ஒரு காரணம் உண்டு. என் தந்தையார் தச்சர். ஈராண்டுக்கு முன் பக்கவாதத்தால் அவர் வலக்கை செயலற்றது. உற்றார் வந்தனர், செபித்தனர், உயிர் தப்பிற்றே, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று சொல்லிச் சென்றனர். அவர்தம் அன்பிற் குறையில்லை. யானும் அவ்வாறே சொன்னேன். தந்தையார் ஒன்றுங் கூறாது சுவர்ப்புறந் திரும்பிப் படுத்துக்கொண்டார். கடவுளுக்கு நன்றியில்லாதவர் என அன்று அவரை யான் எண்ணியது இன்றும் என் நெஞ்சைச் சுடுகின்றது. இழவுக்குப் பறையுண்டு, கோடியுண்டு, கூடியழுவார் உண்டு. அசைவுக்கு ஒன்றுமில்லை. யாரும் சாகாத வீட்டில் எங்ஙனம் அழுவது? அவ்வழுகைக்குப் பெயர் உண்டென்பதையே யான் அன்று அறியேன்.

யோபுவின் சரிதத்தில் இந்நான்கும் ஒருவன் தலைமேல் விழுந்தன. மந்தை போயிற்று, மக்கள் மாண்டனர், உடல் புண்ணாயிற்று, இளையோரும் நகைத்தனர். அவன் நண்பர் மூவரும் ஏழு நாள் வாய்பேசாது அவனோடு தரையில் அமர்ந்திருந்தனர். அதுவரையும் அவர்கள் பிழைத்திலர்.

சென்ற விடுமுறையில் ஒருநாள் தந்தையாரின் கருவிப் பெட்டியைத் திறந்தேன். இழைப்புளியின் அலகில் துரு ஏறியிருந்தது. அதனைத் தேய்த்து எண்ணெயிடத் தொடங்கினேன். யான் பிடித்த முறை பிழையென்று சொல்லி, அவர் தம் இடக்கையை நீட்டி அதனை வாங்கினார். அக்கருவியால் தாம் இழைத்த கதவுகளை ஒவ்வொன்றாக, எவ்வூர், எவர் வீடு, என்ன மரம் எனச் சொல்லிவந்தார். எங்கள் கோயிற் கதவுக்கு வந்தபோது அழுதார். யான் தேறுதல் ஒன்றுங் கூறவில்லை. அடுத்த கதவைப்பற்றிக் கேட்டேன்.