கையில் உள்ள தொழிலுக்குச் சான்றிதழ்

சிங்கப்பூரின் வடகிழக்குக் கரையில் அமைந்துள்ள பொங்கோல் இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த ஒரு புதுநகரம். அவ்வூரில் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நிரை நிரையாக நின்றன என்பதை அங்கு வாழும் இளைஞர் பலர் அறியார். பின்னர்க் கோழிப் பண்ணைகளும் பன்றிப் பண்ணைகளும் காய்கறித் தோட்டங்களும் அங்கே பெருகின. 1980களில் பன்றிப் பண்ணைகளை மூடும் பணி தொடங்கியது. 1996-ஆம் ஆண்டில் ‘பொங்கோல் 21’ என்னும் நகரத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம் என்னும் பல்கலைக்கழகத்தின் வளாகம் அங்கு இயங்கி வருகின்றது.

நிலத்தின் தொழில் இவ்வாறு மாறியபோது, அந்நிலத்தில் உழைத்தவர்களின் தொழிலறிவு என்னவாயிற்று? இக்கேள்வி பொங்கோலுக்கு மட்டும் உரியதன்று. ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட தோட்டங்களிலும், வீடமைப்புக்காக விற்கப்பட்ட தோட்டங்களிலும் இதே கேள்வி எழுந்தது. இருபது ஆண்டுகள் பட்டை காயப்படாமல் பால் வெட்டியவர், வேறு வேலை தேடிச் சென்றபோது ‘திறனற்ற தொழிலாளி’ என்றே எழுதப்பட்டார். அவருக்குத் திறமை இல்லாமல் இல்லை. அதனை மெய்ப்பிக்கும் ஏடு இல்லை. இக்குறையை நீக்க ஏற்பட்ட வழியே முன்கற்றலை அங்கீகரித்தல் என்பதாகும்.

முன்கற்றல் என்பது யாது?

ஒருவர் பள்ளியில் கற்றது, வேலையில் பழகியது, முன்பு குறுகிய பயிற்சிகளில் தேறியது ஆகிய மூன்றும் முன்கற்றலே. தொழில் தகுதிச் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் வரையறுக்கப்பட்ட தரம் ஒன்று உண்டு. இன்ன வேலையை இன்ன அளவுக்குத் திருத்தமாகச் செய்ய வேண்டும் என அது கூறும். விண்ணப்பிப்பவருடைய திறமை அத்தரத்தை எட்டியுள்ளதா என்று சோதித்து, எட்டியிருப்பின், அவர் அறிந்ததையே மீண்டும் வகுப்பில் உட்கார்ந்து படிக்கச் செய்யாமல் சான்று வழங்குவதே இம்முறை.

சிங்கப்பூர் கண்ட வழி

சிங்கப்பூரில் 1973-ஆம் ஆண்டில் தொழிற்பயிற்சி வாரியம் அமைக்கப்பட்டது. தேசியத் தொழிற்சான்றிதழ் என்பது மூன்று படிகளாக வகுக்கப்பட்டது. மூன்றாம் படி ஓரளவு திறன் பெற்றவர்க்கும், இரண்டாம் படி முழுத்திறன் பெற்றவர்க்கும், முதற்படி தொழில் வல்லுநர்க்கும் உரியவை. பயிற்சி நிலையத்தில் படித்தவர் மட்டுமன்றி, வேலையிலேயே தொழிலைக் கற்றவரும் பொதுத் தொழிற்சோதனை எழுதி இச்சான்றிதழைப் பெற வழி இருந்தது.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு தோன்றியது. கைத்திறன் மிகுந்த தொழிலாளர் பலர் தொடக்கக் கல்வியை முடிக்காதவர்கள். வினாத்தாளையும் வரைபடத்தையும் படிக்க அவர்கள் தடுமாறினர். எனவே 1983-ஆம் ஆண்டில் தொழிலாளர்க்கான அடிப்படைக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. வேலைக்குச் சென்றுகொண்டே ஆங்கிலமும் கணிதமும் கற்க இஃது உதவியது. திறமைக்குச் சான்று பெற எழுத்தறிவும் துணை நிற்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

2005-ஆம் ஆண்டில் ஊழியரணித் திறன் தகுதி முறை நடைமுறைக்கு வந்தது. இதில் ஒரு தொழில் பல சிறு பகுதிகளாகப் பிரிக்கப்படுகின்றது. ஒவ்வொரு பகுதியிலும் தேறியவர்க்குத் தனித்தனியே தேர்ச்சிச் சான்று கிடைக்கும். அவை சேர்ந்து முழுத் தகுதியாகும். முன்பே திறமை உள்ளவர், பயிற்சியின்றி நேரே மதிப்பீட்டுக்கு வரும் வழியும் இம்முறையில் அமைந்துள்ளது. பொங்கோல் வளாகத்தில் இயங்கும் பல்கலைக்கழகமும், தொடர்புடைய முன்படிப்பு உடையவர்க்குச் சில பாடங்களிலிருந்து விலக்கு அளிக்கின்றது. ரப்பர்த் தோட்டமாக இருந்த ஊரில் இன்று கிடைக்கும் வாய்ப்பு இது.

பால்வெட்டும் ஒரு தொழிற்கலையே

“எங்கள் வேலைக்கு இதெல்லாம் பொருந்துமா?” என்று தோட்டத் தொழிலாளர் கேட்கலாம். நன்கு பொருந்தும். மலேசியாவில் 2006-ஆம் ஆண்டின் தேசியத் தொழில்திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ், தொழில்திறன் மேம்பாட்டுத் துறை ஐந்து நிலைகளில் சான்றிதழ் வழங்குகின்றது. முதல் மூன்று நிலைகள் மலேசியத் தொழில்திறன் சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர்நிலை டிப்ளோமா. வேலை அனுபவத்தைச் சான்றுகளால் மெய்ப்பித்து இவற்றைப் பெறும் வழி அங்கு உண்டு. இந்தியாவில் 2015-ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ், ரப்பர் வாரியமும் ரப்பர் தொழில்திறன் மேம்பாட்டு மன்றமும் பால்வெட்டுத் தொழிலாளரையே இம்முறையில் சோதித்துச் சான்று அளித்துள்ளன.

பால்வெட்டில் சோதிப்பதற்கு என்ன இருக்கின்றது? தொழிலறிந்தவர்க்கு விடை தெரியும். பட்டைக்கு உள்ளே, மரத்தை ஒட்டி மெல்லிய வளர்படலம் உள்ளது. வெட்டு அதனைத் தொட்டால் காயம் உண்டாகி, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். வெட்டு ஆழமில்லாது நின்றாலோ, பால் குறையும். ஆகவே படலத்திற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்னே கத்தி நிற்க வேண்டும். ஒரு முறைக்குச் சீவும் பட்டை ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டரே. ஒட்டு மரத்தில் வெட்டுச் சரிவு ஏறத்தாழ 30 பாகை. விடியுமுன் வெட்டத் தொடங்குவது ஏன்? அப்போது பட்டையினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்கு வடியும். வெயில் ஏறினால் அழுத்தம் குறையும். கையால் செய்து காட்டி, காரணத்தை வாயால் விளக்கவும் வல்லவரே தேர்ச்சி பெற்றவர்.

சான்றுகளைச் சேர்ப்பது எப்படி?

மதிப்பீட்டாளர் நம் சொல்லை மட்டும் ஏற்கமாட்டார். ஆதலால் பின்வருவனவற்றை இன்றே ஒரு கோப்பில் தொகுத்து வைத்தல் நன்று.

1. வேலை நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள்.
2. எவ்வகை வேலையை எத்தனை ஆண்டு செய்தார் என நிர்வாகியோ மேற்பார்வையாளரோ எழுதித் தந்த கடிதம். ‘நல்ல தொழிலாளி’ என்பது போதாது. வேலையின் விவரம் வேண்டும்.
3. மருந்து தெளித்தல், முதலுதவி, வாகனம் ஓட்டுதல் போன்றவற்றில் முன்பு பெற்ற சான்றுகளும் உரிமங்களும், பள்ளிச் சான்றிதழும்.
4. வேலை செய்யும்போது எடுத்த நிழற்படங்கள். நாள், இடம் குறித்து வைத்தல் வேண்டும்.

தோட்டத்தை விட்டு வெளியேறிய பின் இவற்றைத் தேடுவது கடினம். தோட்டம் கைமாறினால் பழைய பதிவேடுகள் எங்குள்ளன என்பதே தெரியாது போகலாம். கடிதத்தைக் கேட்டுப் பெற வேண்டிய காலம், வேலையில் இருக்கும் காலமே.

மனத்தில் கொள்ளத்தக்கவை

ஆண்டுகளின் எண்ணிக்கை மட்டும் திறமையாகாது. முப்பது ஆண்டு உழைத்தவரும் சில பகுதிகளில் தேறாமல் போகலாம். அது தோல்வியன்று, எதனை இன்னும் கற்க வேண்டும் என்பதைக் காட்டும் குறிப்பேயாகும். அப்பகுதியை மட்டும் கற்று மீண்டும் முயலலாம். சான்றிதழ் கிடைத்தவுடன் சம்பளம் உயர்ந்துவிடும் என்று எவரும் உறுதி கூற இயலாது. எனினும் புதிய வேலை கேட்டுச் செல்லும் இடத்தில், தம் தொழிலைப் பற்றித் தாமே வாதாட வேண்டிய நிலை நீங்கும். அடுத்த படிப்புக்கும் அது கதவைத் திறக்கும்.

பொங்கோலில் ரப்பர் மரங்கள் மறைந்தன. அவற்றை வெட்டிய கைகளின் திறமையை எழுதி வைத்தார் எவரும் இலர். நம் கையில் உள்ள தொழில் அவ்வாறு மறைந்து போகாமல், உரிய ஏட்டில் இடம்பெறச் செய்வது நம் கடமையாகும்.