பீனிசத் தலையிடி

பரீட்சை அண்மிக்குங்கால் நெற்றியைப் பிடித்தவாறு "பீனிசம்" எனக்கூறி வகுப்பினின்றும் வெளியேறும் மாணவரை நாம் கண்டுள்ளோம். அஃது உண்மையிற் பீனிசந்தானா?

மூக்கைச் சூழ்ந்த என்புகளுள் நான்கு சோடிக் காற்றறைகள் உள. அவற்றுட் பெரிதாகிய கன்னவறையின் வாயில், அடியிலன்றி மேற்பாகத்தே அமைந்துள்ளது. ஆதலின் நாம் நிமிர்ந்திருக்கையில் அங்குள்ள சளி தானாக வடியாது; நுண்மயிர்களே அதனை மேனோக்கித் தள்ளல் வேண்டும். தடிமனால் வாயில் வீங்கியடைபடின் சளி தேங்கிக் குனியுந்தோறும் முகம் கனத்து நோகும். வேது பிடித்தல் சிறிது ஆறுதல் தரும்.

ஆயின், சீழ்ச்சளியும் காய்ச்சலுமின்றி, ஒளிக்குக் கண்கூசிக் குமட்டலோடு மீண்டும் மீண்டும் வருவது பெரும்பாலும் ஒற்றைத் தலையிடியே. அதிலும் மூக்கு ஒழுகலாம். மயக்கம் அங்கேதான் பிறக்கின்றது. 2004 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றிற் பீனிசத் தலையிடியெனக் கருதப்பட்ட 2991 பேருள் 88 வீதத்தினரிடம் ஒற்றைத் தலையிடியின் குறிகளே காணப்பட்டன. மூக்கிற்கு மருந்திட்டே ஆண்டுகளைக் கழிப்போர் வைத்தியரிடம் இதனை வினவுக. கண்ணைச் சூழ வீக்கமோ, பார்வை மங்கலோ, கழுத்து விறைப்போ தோன்றின் அன்றே வைத்தியசாலை சேர்க.